இந்த வீட்டில் சாகக் கூடாத குரல்

அம்மாவின் குரல் எங்களிடம் இல்லை. அவரை எரித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது.

பிரிஞ்சாங் மலை உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன் நான். குரல்கள் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று எங்களிடம் இருந்தவை பேச மட்டுமே உதவும், குரலைப் பதிய முடியாத கைப்பேசிகள். பிறகு அம்மா கையாலும் கண்ணாலும்தான் பேசினார். மருத்துவமனையில் கடைசியாக என்னையும் தம்பி குணாளனையும் பார்த்து உதடு அசைத்தார். என்ன சொன்னார் என்று இருவருக்குமே புரியவில்லை.

குணாளனின் கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது. கட்டி வருவதற்கு முன் எடுத்தது. அதில் அம்மா ஏதோ சொல்கிறார், சபையே சிரிக்கிறது. ஆனால் வீடியோக்காரர் முழு நீளத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்.

கருமாதிக்குள் அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் பெயர் சுபத்ரா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர். கொழுந்து எடுக்கும்போது இந்தச் சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்கு ஆள் கூப்பிடுவது அவர்தான். கோயில் திருவிழா நாடகத்தில் அப்போதெல்லாம் ஆண்களே சேலை கட்டினார்கள். ஓர் ஆண்டு, கதாநாயகியாக நடிக்க வேண்டிய கந்தசாமி கொழுந்து மூட்டையோடு சரிவில் உருண்டு காலை உடைத்துக்கொண்டார். ஒத்திகையை வேலி ஓரம் நின்று கேட்டே மனப்பாடம் செய்திருந்த அம்மா மேடை ஏறினார். மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்டதாம்.

நாடகம் பார்க்க வந்த ஒருவர் கோலாலம்பூர் வானொலிக்குச் சொல்லி அனுப்பினார். முதல் ஒலிப்பதிவில் அம்மா வாயைத் திறந்ததும் கருவியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. ஒலிப்பதிவாளர் கிரகரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “தங்கச்சி, மலையைக் கூப்பிடாத. மைக் ஒன் மூக்குக்கு முன்னாடிதான் இருக்கு.”

ஒரே ஒரு படத்திலும் நடித்தார். உள்ளூர்த் தமிழ்ப் படம், கதாநாயகியின் அக்கா வேடம். தோட்டத்துப் பேச்சு வேண்டாம் என்று அவருக்குப் பதில் வேறொரு பெண்ணைப் பேசவைத்துவிட்டார்கள். என் சின்ன வயதில் தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டி அதைக் காட்டியபோது, “அது அம்மா இல்ல” என்று நான் அழுதேனாம்.

வானொலியில்தான் அவருக்குப் பேர் வந்தது. போனதும் வானொலியால்தான்.

கல்யாணமான புதிது. அப்பா வேலப்பன் கொழுந்து லோரி ஓட்டினார். சனிக்கிழமை நாடகத்தைப் பதிவு செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் நாடகம் ஒலிபரப்பானது. மேல் லயத்தில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் அம்மா இறந்தார். நாடகம் என்று தெரிந்தும் பெண்களுக்குத் தாங்கவில்லை. ஒருத்தி அம்மாவின் பேரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தோட்டத்தில் ஒப்பாரி கேட்டால் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். ஏன் என்று கேட்பதில்லை. கீழ் லயத்துக்கு ஒப்பாரி கேட்டது, பேரும் கேட்டது. சாவுக்குத் தப்படிக்கும் இராமையா தப்பைத் தீயில் காய்ச்சி அடிக்கத் தொடங்கினார். தொழிற்சாலையில் லோரியோடு நின்றிருந்த அப்பாவுக்குச் சேதி போனது. அவர் லோரியை மறந்து, மேடு முழுக்க ஓடி வந்தார்.

அந்த நேரத்தில் அம்மா கையில் கூடையோடு வந்து சேர்ந்தார்.

“அடியே சுபத்ரா! ஒனக்குத்தானடி அடிச்சுக்கிட்டு இருக்கேன்!” என்றார் இராமையா.

“அப்ப நல்லா அடிங்க மாமா. கம்போங் ராஜா வரைக்கும் கேக்கட்டும் லா.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்துவிட்டால் எங்கள் லயத்தில் அவரை அப்படியே வீட்டுக்குள் விட மாட்டார்கள். வாசலில் நிறுத்தித் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா புதுத் தாலிக்கயிறு கட்ட வேண்டும். அவருக்கு முடிச்சு விழவில்லை. யாரோ பிடித்துக்கொள்ள, ஒரு வழியாகக் கட்டி முடித்தார்.

“இனிமே ஒன் கொரலு இந்த வூட்டுல சாகக் கூடாது,” என்றார். “சத்தியம் பண்ணு.”

குளிரில் நடுங்கிக்கொண்டே அம்மா விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தக் கால நாடகங்களில் கதாநாயகி பெரும்பாலும் செத்துப்போவாள். சாகாத வேடம் கொடுங்கள் என்று அம்மா கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், கடைசியில் கதவைத் தட்டிச் சேதி சொல்பவள் என்று கொடுத்தார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. அம்மா மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் வேறொருத்தி சாகும்போது மட்டும், “மூச்சை அவசரப்பட்டு விட்டுட்டா,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

இப்போது நான் அந்த வானொலி நிலையத்துக்குப் போன் செய்தேன். பழைய நாடாக்களில் அழித்து அழித்துப் பதிந்துவிட்டார்களாம். பேசியவர் நல்ல மனிதர். கிரகரி ஓய்வு பெற்று, மகள் டோரீன் வீட்டில் தானா ராத்தாவில் இருப்பதாகச் சொன்னார்.

கிரகரிக்குக் கண் மங்கிவிட்டது. நான் வாசலில் நின்று, “அங்கிள், நான் சுபத்ரா மக,” என்றதும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கொஞ்சம் அவ மாதிரிதான் இருக்கு. ஆனா நீ மெதுவா பேசுற. அவ எப்படி இருக்கா?”

சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு டோரீனை அழைத்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவரச் சொன்னார்.

“அந்தச் சாவு சீன் மட்டும் இருக்கும்மா. அன்னைக்கு ஸ்டூடியோவே அழுதுச்சு. என் வைஃப் கேக்கணும்னு சொன்னா, அதான் ஒரு கேசட்டுல எடுத்து வச்சேன். மிச்சமெல்லாம் போயிருச்சு.”

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. பட்டறையில் துடைத்து, வேறு கூட்டில் மாற்றி, கணினியில் ஏற்றினேன். நான் மட்டும் முதலில் கேட்க மனமில்லை. ஒலியை அணைத்துவிட்டுத் திரையில் அலைகளை மட்டும் பார்த்தேன். உயர்ந்து, தாழ்ந்து, தட்டையாகிவிட்டது. தட்டைக்குப் பிறகு இன்னொரு சின்ன அலை. இரைச்சலாக இருக்கும். வெட்டப் போனேன். வெட்டவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் மத்தியானம் பதிவைக் கைப்பேசியில் ஏற்றி, விவரம் சொல்லித் தம்பியிடம் நீட்டினேன். அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. அந்த லயத்து வீட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான், அப்பாவைப் போல லோரி ஓட்டுகிறான்.

“செத்துப்போற சீனா?” என்றான்.

“அது மட்டும்தான் கெடச்சுது.”

“வூட்டுல வேணாங்க்கா. அப்பா வாங்குன சத்தியம்.”

“அம்மாவே போயிட்டாங்க, குணா.”

“வூடு இருக்குல்ல.”

 அவன் சாவியை எடுத்தான். “வா, லோரியில கேப்போம்.”

தோட்டத்து எல்லையைத் தாண்டி, பனி இறங்கிய வளைவில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் இரைச்சல். பிறகு அம்மா. நாடகத்தில் ஒரு குழந்தையிடம் பேசுகிறார்:

“அழாதே கண்ணே. கதவைச் சாத்திக்கொள், குளிர் வருகிறது. தம்பியைப் பார்த்துக்கொள். அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது.”

பிறகு மூச்சு. நீளமாக, நிதானமாக, அவசரப்படாமல். பிறகு ஒன்றுமில்லை. குணாளன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தான். மருத்துவமனையில் உதடு அசைந்தபோது இதைத்தான் சொன்னாரோ என்று எனக்குத் தோன்றியது. அப்படி இருக்க நியாயமில்லை. இருந்தாலும் தோன்றியது.

நான் இரைச்சல் என்று நினைத்த சின்ன அலை வந்தது. நாற்காலி நகரும் சத்தம். ஓர் இருமல். அப்புறம் நாடகக் குரல் இல்லை. எதிர்ச் சரிவுக்கு ஆள் கூப்பிடும் அதே குரல்:

“அண்ணே, சரியா செத்தனா? இல்ல, இன்னொரு தடவ சாவவா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறார். அதோடு முடிந்தது.

குணாளன் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மறுபடி துடைத்தான்.

“சரியாத்தாம்மா,” என்றான். 

வீட்டு வாசலில் இறங்கும்போது கைப்பேசியை லோரியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.