கடைசி இரண்டு வரி பிக்கோலோ

மாஸ்டர் இசைத்தாளின் தலையில் வாத்தியத்தின் பெயரை எழுதமாட்டார், ஆளைத்தான் எழுதுவார். மற்ற பேண்டுகளில் 'இரண்டாம் கிளாரினெட்', 'மூன்றாம் டிரம்பெட்' என்று இருக்கும். இவர் தாளில் 'டிரைவிங் வாத்தியார்', 'பேக்கரி', 'லிஃப்ட் ரிப்பேர்' என்று இருக்கும். பேக்கரிக்காரருக்கு மூச்சு நீளம், அதனால் அவருக்கு நீள நீளமான சுரங்கள். லிஃப்ட் ரிப்பேருக்கு முன்பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது, அதனால் அவர் பகுதி உச்சத்துக்குப் போகவே போகாது. யாராவது வேறு ஊருக்குக் குடிபோனால் அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். "எதுக்கு மாஸ்டர் இந்தத் தலைவலி?" என்று கேட்டால், "டிரம்பெட்டா வந்து நாற்காலியில உட்காருது? மனுஷன்தானே உட்கார்றான்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

பிழைப்புக்கு அவர் செய்தது அச்சகத்தில் மெஷின் வேலை. முப்பத்தைந்து வருடம், நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும் நான்கு இயந்திரங்களுக்கு நடுவில். பேண்டு சனிக்கிழமை மாலைகளில், தீயணைப்பு நிலையத்தின் மாடிக் கூடத்தில். நாற்பத்திரண்டு நாற்காலி, மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. பத்தொன்பது வயதில் அங்கே டிரம்பெட் ஊதப் போனவர், முப்பத்தாறில் பேண்டை நடத்தும் கோலைக் கையில் எடுத்தார். "நான் கண்டக்டர் ஆயிட்டேன்" என்று மச்சானிடம் பெருமையாகச் சொல்ல, "அப்ப அச்சகத்தை விட்டாச்சா? எந்த ரூட் பஸ்?" என்று அந்த நல்ல மனுஷர் அக்கறையாக விசாரித்தார். வீட்டில் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இசை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜையில், பென்சிலால். பியானோ கிடையாது, ஊதிப் பார்ப்பதும் கிடையாது. எல்லாம் தலைக்குள்ளேயே. அப்படி எழுதியவை இருபத்தாறு. ஒன்றுகூட அந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. எப்படித் தாண்டும்? வேறு ஊரில் அந்தப் பேக்கரிக்காரருக்கு எங்கே போவது?

ஐம்பத்தெட்டு வயதில் காது கைவிட்டது. மொத்தமாக அல்ல, கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்கள் மட்டும். வாசல் மணி அடித்தால் தெரியவில்லை, கைப்பேசி கூவினால் தெரியவில்லை. டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார்: "மெஷின் சத்தம் தின்னுடுச்சு சார். கருவி வெச்சா பேச்சு தெளிவா கேக்கும். மேல் சத்தம் போனது போனதுதான்." மாஸ்டர் கருவியை வாங்கினார், அலமாரியில் வைத்துப் பூட்டினார். மனைவியைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. காது போன ஆளை எவன் மேடையில் நிற்க விடுவான்? கோலைப் பிடுங்கிவிடுவார்களோ என்று மனிதர் உள்ளுக்குள் நடுங்கினார்.

மற்ற வாத்தியங்கள் ஏறக்குறைய கேட்டன. கேட்காதது பிக்கோலோ ஒன்றுதான். புல்லாங்குழலின் குட்டித் தங்கை அது. ஓர் அடி நீளம்தான், ஆனால் சத்தம் கூரைக்குப் போகும். அதை வாசிப்பவள் மருந்துக்கடைக்காரி. மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் விரல்களையே பார்ப்பார். எந்த விரல் எப்போது எழ வேண்டும் என்பது அத்துப்படி. விரல் தப்பினால் "அங்க என்னம்மா அவசரம்?" என்று அதட்டவும் செய்வார். இரண்டு வருடம் இப்படியே வண்டி ஓடியது.

அந்த நிலையில்தான் இருபத்தேழாவதை எழுதினார். கொஞ்சம் திமிர் என்றே சொல்ல வேண்டும். கடைசியில் பேண்டு முழுவதும் ஒவ்வொன்றாக அடங்கி, பிக்கோலோ மட்டும் தனியாக இரண்டு வரி வாசித்து முடிக்கும். மருந்துக்கடைக்காரி ஒரு சுரத்தை நூல் போல இழைத்து, நடுங்காமல் நிறுத்துவாள். அதை நினைத்தே எழுதியது. காதுக்குக் கேட்காவிட்டால் என்ன, பென்சிலைப் பிடித்தால் தலைக்குள் அத்தனையும் கேட்டது.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்காரி கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் ஊதக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் இருந்திருக்கலாம், பாவம், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று சனிக்கிழமை வந்து உட்கார்ந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டரிடம் சொல்வதற்குள் அவர் கோலைத் தூக்கிவிட்டார்.

கடைசி இரண்டு வரி வந்தது. எல்லோரும் அடங்கினார்கள். அவள் பிக்கோலோவை உதட்டருகே வைத்து, ஊதாமல், விரல்களை மட்டும் அசைத்தாள். கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான். மாஸ்டர் விரல்களைப் பார்த்தபடி, கோலை மெல்ல மெல்ல இறக்கி, கண்ணை மூடி முடித்தார்.

"அற்புதம்மா! அந்தக் கடைசி சுரம் இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சும்மா இருந்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். பேக்கரிக்காரர் இருக்கிறாரே, நல்ல மனசு, புத்திதான் கொஞ்சம் தாமதம். சமாளிப்பதாக நினைத்துக் கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். இருபத்துநான்கு வருடத்தில் ஒத்திகையில் யாரும் கைதட்டியதே கிடையாது.

மாஸ்டர் கோலைக் கீழே வைத்தார். "நீ ஊதலையா?"

"பல்லு பிடுங்கியிருக்கு மாஸ்டர்… விரல் மட்டும்தான்…"

"எத்தனை நாளா தெரியும்?"

டிரைவிங் வாத்தியார்தான் எழுந்தார். முதல் கிளாரினெட், மாஸ்டர் ஊரில் இல்லாதபோது ஒத்திகை நடத்துபவர். "ரெண்டு வருஷமா, மாஸ்டர். எல்லாருக்கும் தெரியும்."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "நாப்பத்திரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டாங்க!"

மனைவி சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு வருஷம் அவங்களை ஏமாத்தினீங்க, அவங்க ரெண்டு வருஷம் உங்களை ஏமாத்தினாங்க. சரிக்குச் சரியாப் போச்சு. கை கழுவிட்டு வாங்க." பிறகு அலமாரியைத் திறந்து, கருவியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை டிரைவிங் வாத்தியார் வந்தபோது மாஸ்டர் மேஜையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தார். பிக்கோலோவின் இரண்டு வரியையும் அழித்துவிட்டு, பேக்கரிக்காரரின் தடித்த பித்தளைக் குழலுக்கு மாற்றி எழுதியிருந்தார். அது மாஸ்டர் காதுக்குக் கேட்கும். அப்படியே மேடையில் நின்றுவிடலாம்.

"இதுதான் மாஸ்டர் சரி," என்றார் வாத்தியார். "யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்கதான் நிக்கணும்."

மாஸ்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரை நினைத்து எழுதியதென்றால் அப்படி இருக்காது. எங்கேயோ யார் சட்டையையோ இரவல் வாங்கி அவருக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. மாஸ்டருக்கே பிடிக்கவில்லை.

"சரி, அவளே வாசிக்கட்டும், நான் நிக்கிறேன்னு வெச்சுக்கோ. சுரம் ஒரு மயிரிழை ஏறிப்போச்சுன்னா எனக்குத் தெரியாது. நீ சொல்லுவியா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மாட்டேன் மாஸ்டர். உங்க மனசு கஷ்டப்படும்."

"நீ சொல்லமாட்டே. ஒருத்தரும் சொல்லமாட்டீங்க. நான் அங்க நிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு தப்பாவே வாசிச்சிட்டிருக்கணும், இல்ல?" என்றார். ரப்பரைத் தள்ளிவிட்டுப் பென்சிலை எடுத்து, அழித்த இரண்டு வரியையும் பழையபடியே எழுதினார். எழுதி முடித்து, கோலை மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தினார். "இந்தா. நீ நில்லு. தப்பா வாசிச்சா தயவுதாட்சண்யம் பார்க்காதே."

கச்சேரி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பள்ளிக்கூட அரங்கில். மாஸ்டர் காதில் கருவியோடு, மனைவி பக்கத்தில், நான்காவது வரிசையில் உட்கார்ந்தார். வாத்தியார் பயத்தில் விறைத்துப்போய், வண்டிக்கு ஓரம் கட்டக் கை காட்டுபவர் போலவே ஆரம்பித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டார். பேக்கரி கேட்டது, லிஃப்ட் ரிப்பேர் கேட்டது. நன்றாகவே இருந்தது. தன்னைவிடக் கொஞ்சம் நிதானமாக நடத்துகிறான் என்று மாஸ்டருக்குப் பட்டது, வயிறும் எரிந்தது.

ஒவ்வொன்றாக அடங்கி, மருந்துக்கடைக்காரி எழுந்து நின்றாள். அங்கிருந்து அவள் விரல்கள் தெரியவில்லை, முன்னால் இருந்த தாள்தாங்கி மறைத்தது. வாத்தியார் கோலை இறக்கிவிட்டு, அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். பார்த்துத் தெரிந்துகொள்ள மாஸ்டருக்கு ஒன்றும் மிச்சமில்லை. தலைக்குள் தானே வாசித்துக்கொண்டு போனார். முதல் வரி, இரண்டாம் வரி, அந்தக் கடைசி சுரம். அவர் கணக்கில் முடிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் அசையவில்லை.

அவர் பயந்துபோய் மனைவியின் கையைத் தொட்டார். "முடிஞ்சிடுச்சா?"

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"இன்னும் இல்லைங்க. இன்னும் பிடிச்சிட்டிருக்கா."