தங்கராசு சாரும் வராத நிவாரணமும்

செவ்வாய்க்கிழமை காலை பல்லடம் சாலையில் பேருந்துக்கு நின்றிருந்தபோது தங்கராசு சாரின் மனைவி அழைத்தார். "அவரு போயிட்டாருங்க" என்றார். மாரடைப்பு. ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. முந்தைய நாள் மாலைகூட விண்ணப்பக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ராமாத்தாள் அம்மாவின் கதை மட்டும் எங்கள் இருவருக்குள்ளேயே இருந்தது.

கொரோனா ஊரடங்கில் சந்தை மூடிக் கிடந்தது. வீரபாண்டிக்குத் தெற்கே தக்காளி போட்டவர்கள் பறிக்க ஆளில்லாமல் ஆடுகளை உள்ளே விட்டார்கள். சிறு விவசாயிகளுக்கு நிவாரணம் என்று அறிவிப்பு வந்ததும் தங்கராசு சார் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பட்டியல் எடுத்தார். நான் அதைக் கணினியில் ஏற்றினேன்.

ராமாத்தாள் அம்மாவுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கறவை மாடும். கணவரும் மாமனாரும் இறந்து பல வருடங்கள். பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தது. 'பெயர் பொருந்தவில்லை' என்று திரையில் சிவப்பாக வந்தது. சாரிடம் காட்டினேன். வாரிசுச் சான்று வாங்கிவிடலாம் என்றார். அன்று மாலையே அந்த அம்மா வீட்டுக்குப் போய், "கட்டாயம் வந்துருமுங்க, மாட்டை வித்துப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தாலுகா அலுவலகத்தில் பாதிப்பேர் தொற்றுப் பணிக்குப் போயிருந்தார்கள். சார் ஐந்து முறை போனார். கடைசியில் சான்று கைக்கு வந்தபோது விண்ணப்பப் பக்கம் மூடப்பட்டிருந்தது. நான் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். மேலிடத்துக்கு மனு எழுதினோம். பதில் வரவில்லை.

"போன்ல சொல்லிடலாமுங்க சார்" என்றேன்.

"நான்தானுங்க மேடம் வருமுன்னு சொன்னேன். நேர்ல போயித்தான் சொல்லோணும்."

என்னையும் கூட்டிப்போனார். ராமாத்தாள் அம்மா மோர் கொடுத்தார். சார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். அந்த அம்மாவே புரிந்துகொண்டார். "வரலீன்னா போகுதுங்க சார். நீங்க ஏன் மொகம் வாடறீங்க?" என்று எங்களைத் தேற்றினார். அதற்குள் தீவனக் கடன் ஏறி, மாடு பாதி விலைக்குத்தான் போனது. பிறகு அவர் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனார். அறுபது வயதில்.

அதற்குப் பிறகு சார் யாரிடமும் "வந்துரும்" என்று சொன்னதில்லை. என்னிடமும் சொல்வார்: "பாக்கறமுங்கன்னு சொல்லுங்க மேடம். நம்ம கையில இல்லாததைக் குடுக்காதீங்க."

அடக்கத்துக்கு ராமாத்தாள் அம்மா வந்திருந்தார். மாலை நேர வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "இல்லைன்னு சொல்லக்கூட ஊடு தேடி வந்தது அவரு ஒருத்தருதானுங்க" என்றார்.

சார் கடைசியாக என் மேசையில் வைத்த விண்ணப்பக் கட்டை நேற்று பிரித்தேன். கணினியில் ஏற்றியதில் மூன்று விண்ணப்பங்கள் நிராகரிப்பு. தகவல் தானாகவே கைப்பேசிக்குப் போய்விடும், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் முகவரிகளைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டில் ஒருவர் வாசலுக்கு வந்து, "ஏனுங்க, எதுக்குங்க எனக்கு இல்லீங்கறாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும்வரை நின்றேன். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அப்படி நிற்பதுதான்.