எந்தக் கவுன்சிலர்?

கவுன்சிலர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுக் கேட்டு வந்து, ஜெயித்து, ஓடையைச் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கும் அதே பெயர். பள்ளிக்கூடத்தில் பெற்றவர்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, மேற்கொண்டு எங்கே சேரலாம், என்ன படிக்கலாம் என்று எடுத்துச் சொல்கிறவருக்கும் அதே பெயர். இங்கிலீஷில் எழுதினால் எழுத்து வேறு. நம் வாயில் வந்து விழும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடந்த கூத்தில், கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். இரண்டு வழிதான் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பைத் தாண்டினால் ஒரு உயர்நிலைப் பள்ளி. நடந்தே போகலாம், ஆனால் பத்தோடு முடிந்துவிடும். இன்னொன்று தேங்காய்ப்பட்டணம் பஸ் பிடித்துப் போகிற பெரிய பள்ளிக்கூடம். பிளஸ் டூ வரை உண்டு, லேப் உண்டு, கணக்கும் பயாலஜியும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் உண்டு. எனக்கு அதுதான் வேண்டும். ஏன் என்று யாராவது கேட்டால் லேப் இருக்கிறது என்பேன். தினமும் பஸ்ஸில் போகலாம் என்பதும் ஒரு காரணம்தான், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் நான் எங்கே சேர்வது என்பது என் கையிலும் இல்லை, அம்மா கையிலும் இல்லை. அப்பா மஸ்கட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை போன் வரும், எதைக் கேட்டாலும், "உங்க அண்ணன் என்ன சொல்லுதாவ?" என்று அம்மாவிடமே திருப்பிக் கேட்பார். அந்த அண்ணன், அதாவது என் மாமா, நாலு வீடு தள்ளி இருந்தார். ஜங்ஷனில் சிமெண்டுக் கடை. எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் சொல்வதும் அவர், கரண்டு பில் கட்டுவதும் அவர், எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டோ பிடிப்பதும் அவர். அத்தனையையும் செய்கிறவரிடம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் தலையிட வேண்டாம் என்று அம்மா எந்த வாயால் சொல்வாள்?

மாமாவுக்கோ தோப்புக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிதான் உயிர். அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்தான். அந்தப் பள்ளியில் வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது. இன்னும் குறைந்தால் வாத்தியார்களை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள் என்ற பேச்சு வந்ததும், எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று ஹெட்மாஸ்டரிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தார். முதல் தலை என் தலை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு நடுவில் மாமாவுக்கு ஒரு தீராத புண் இருந்தது. பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு நின்று, சொற்ப ஓட்டில் தோற்றுப்போனார். ஜெயித்தவரை அன்றிலிருந்து அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அவன்' என்றால் எங்கள் வீட்டில் அந்தக் கவுன்சிலர் ஒருவர்தான். ஜங்ஷன் சாயாக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தால் மாமா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நடப்பார். எங்கள் வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியாமல் போனபோதுகூட, அவனிடம் போய்க் கேட்பதா என்று தன் கைக்காசில் பல்பு வாங்கிப் போட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் வகுப்பு டீச்சர் அதைச் சொன்னார். பரீட்சை முடிகிற வாரம் சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து கவுன்சிலர் வருகிறார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் கட்டாயம் வர வேண்டும். ஒன்பதுக்கு எங்கே என்பதை அன்றைக்கே பேசி முடிவு செய்தால், அவரே அந்தப் பள்ளிக்குப் போன் பண்ணி இடம் சொல்லி வைப்பார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். மாமா முன்னறையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன்.

"அம்மா, சனிக்கிழமை கவுன்சிலர் வராவளாம். நான் ஒம்பதுக்கு எங்க சேரணும்னு அவியதான் சொல்லுவாவளாம்."

மரியாதை கொடுத்துப் பேசினால் எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்த எளவு மரியாதைதான் அத்தனைக்கும் காரணம். மாமா கிளாஸை டக்கென்று வைத்தார்.

"யாருட்டி? அவனா? என் வீட்டுப் பிள்ளை எங்க படிக்கணும்னு அவன் சொல்லணுமா?"

"அய்யோ மாமா, அவரு இல்ல. இது வேற கவுன்சிலர்."

"வேற கவுன்சிலரா? எந்த வார்டு?"

"வார்டு இல்ல மாமா. இவிய படிப்புக் கவுன்சிலர்."

"படிச்ச கவுன்சிலரா? எட்டாங் கிளாஸு தேறாத பய, அவன் உனக்குப் படிச்சவனா?"

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடி வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளிருந்து, "ஏட்டி, இங்க வந்து தேங்கா துருவு" என்று கூப்பிட்டாள். எப்போது பார்த்துக் கூப்பிடுகிறாள் பாருங்கள்! நான் துருவலகில் உட்கார்ந்திருக்க, முன்னறையில் மாமா எழுந்து நின்று சபதம் போட்டுக்கொண்டிருந்தார். அவன் உட்காருகிற இடத்தில் தன் கால் படாதாம். தலை போனாலும் படாதாம்.

நான் சும்மா விடவில்லை. தப்பாக ஒன்றைச் சொன்னால் அதைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றும் அப்படி, இன்றும் அப்படி. மறுநாள் சிமெண்டுக் கடைக்கே கிளம்பினேன். பாதி வழியில் அம்மா பின்னால் வந்து, உப்பு வாங்கிக்கொண்டு வா என்று வேறு பக்கம் அனுப்பினாள். வீட்டில் உப்பு ஜாடி நிறைய இருந்தது. அதற்கு அடுத்த நாள் மாமியிடம் சொன்னேன். மாமிக்குக் கொஞ்சம் விஷயம் பிடிபட்ட மாதிரிதான் இருந்தது. "அப்பம் இது பள்ளிக்கூடத்து ஆளாக்கும், இல்லியா?" என்று மாமி கேட்ட அந்த நிமிஷம் பார்த்து, அம்மா ஊடே வந்து மாமியின் பல்வலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். மாமிக்குப் பல்வலி வந்தால் உலகத்தில் வேறு எந்தப் பேச்சும் கிடையாது. போச்சு.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறெரிந்தது அம்மாவை நினைத்துத்தான். மாமாவாவது கோபத்தில் கேட்காமல் போகிறார். இவளிடம் நான் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டிவிட்டு, மாமா வந்ததும் பழைய பாட்டையே பாடுவாள்.

"அந்தக் கவுன்சிலர் இருக்க எடத்துக்கு நீங்க எதுக்குண்ணா? உங்க மரியாதைக்கு அது சரிப்படாது. வராட்டா பள்ளிக்கூடத்துல பிள்ளைய ஏசுவாவ. நான் போயி தலையக் காட்டிட்டு வாரேன்."

"போ. ஆனா அவன் என்ன சொன்னாலும் நீ பேசாம இருந்துட்டு வா, கேட்டியா?"

"நான் என்னத்த பேசப்போறேன்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். வழியெல்லாம் நான் முனகிக்கொண்டே போனேன். அங்கே கரைவேட்டி கட்டிய ஆளைத் தேடி நின்று இவள் மானத்தை வாங்கப்போகிறாள் என்ற பயம் எனக்கு. பள்ளிக்கூடத்தில், ஸ்கூட்டரில் வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவைக் காட்டி, இவர்தான் கவுன்சிலர் என்று டீச்சர் சொன்னார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அதிர்ச்சி, ஆச்சரியம், ஒன்றும் இல்லை. ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறாளே, நாம் நினைத்த ஆள் இல்லையே என்றுகூடத் தோன்றாத அளவுக்கு விவரமில்லாமல் இருக்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

எங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும், என்ன படித்தால் சீக்கிரம் கல்ஃபுக்குப் போகலாம் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அந்த அக்கா ஏதோ கேட்க ஆரம்பிப்பதற்குள் அம்மாவே பேசினாள்.

"இவள இங்க பக்கத்துல சேத்து, பத்து முடிஞ்ச பொறவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தினா, ஃபர்ஸ்ட் குரூப்பு கிடைக்குமா டீச்சர்?"

கிடைப்பது கஷ்டம் என்றார் அந்த அக்கா. அங்கேயே பத்து படித்த பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் வெளிப்பிள்ளைகளுக்கு. அந்த குரூப்பில் அநேகமாக மிச்சமே இருக்காது.

"அப்பம் இப்பமே போணும்" என்றாள் அம்மா.

என்னிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டார். லேப் என்றேன். சிரித்துவிட்டு, அம்மா எதுவரை படித்திருக்கிறார் என்று விசாரித்தார்.

"பத்து. அந்தத் தோப்புக்குப் பொறத்த உள்ள பள்ளிக்கூடந்தான். கணக்குல நாந்தான் எப்பமும் ஃபர்ஸ்ட். அங்க அதுக்கு மேல கிடையாதுல்லா. பஸ்ல எல்லாம் அனுப்ப வேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டாவ."

சொல்லிவிட்டு அம்மா சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அம்மா கணக்கில் ஃபர்ஸ்ட் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் நம்பவில்லை. இரண்டு கவுன்சிலருக்கு வித்தியாசம் தெரியாதவளுக்கு என்ன கணக்கு தெரிந்திருக்கும்? அந்த அக்கா அங்கேயே போன் போட்டுப் பேசினார். பெரிய பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னான்?"

"கவுன்சிலர் சொல்லியாச்சுண்ணா. பெரிய பள்ளிக்கூடம்தானாம். பேரும் ஏத்தியாச்சாம்."

மாமாவின் முகம் சிவந்தது. "எனக்கெதிரா என் வீட்டுப் பிள்ளையவே இழுத்திட்டானா!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜங்ஷனைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இந்த முறை அம்மா கூப்பிட்டும் நான் நிற்கவில்லை.

சாயாக்கடையில் அந்த வார்டு கவுன்சிலர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமா எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் முன்னால் போய் நின்றார்.

"என் தங்கச்சி பிள்ளைய எங்க சேக்கணும்னு முடிவு பண்ண நீ யாருடே?"

அந்த மனிதருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடையில் கிளாஸும் கையுமாக வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்தார். பேப்பரை நிதானமாக மடித்தார்.

"நம்ம வார்டு பிள்ளைக படிச்சு மேல வரணும்னு நெனச்சது தப்பா வே? தப்புன்னா சொல்லும். நான் செய்யாம அதுகளுக்கு வேற யாரு செய்வா?"

கொள்ளாமே, நல்ல காரியம்தானே என்று கடையில் நாலு பேர் தலையாட்டினார்கள். என்ன ஒரு பித்தலாட்டம்! எனக்குத் தாங்கவில்லை. "இவரு இல்ல! அது ஒரு அக்கா! ஹெல்மெட் போட்டுட்டு வந்தாவ!" என்று கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கவுன்சிலர் ஒரு ரசவடையை எடுத்து என் கையில் திணித்து, "பாப்பா நல்லாப் படிக்கணும், என்ன?" என்று கன்னத்தைத் தட்டினார்.

மாமா சிக்கிக்கொண்டார். இப்போது வேண்டாம் என்று என்னை இழுத்தால், தேர்தல் வன்மத்தில் சொந்தப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தான் என்று ஜங்ஷன் முழுக்கப் பேசும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் முன்னமே அங்கதான் சேக்கணும்னு இருந்தேன். நீ சொல்லி ஒண்ணும் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னார்.

"நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றாள் அம்மா. ஹெட்மாஸ்டரிடம் மாமா என்ன சொல்லிச் சமாளித்தாரோ, எனக்குத் தெரியாது.

ஜூனில் முதல் நாள், புது யூனிஃபாரத்தோடு நானும் அம்மாவும் பஸ்ஸுக்கு நின்றோம். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அம்மா, அந்த அக்காவும் சாயாக்கட ஆளும் ஒண்ணுன்னா நெனச்சிய?"

"நான் வெறும் பத்தாங் கிளாஸுதானே மக்கா. எனக்கு என்ன தெரியும்?"

எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாகிவிட்டது. அம்மாவின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, இரண்டு கவுன்சிலரையும் இங்கிலீஷில் விரலால் எழுதிக் காட்டினேன். இந்த எழுத்து வந்தால் ஓட்டு, இந்த எழுத்து வந்தால் படிப்பு என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அம்மா கவனமாகக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லு மக்கா என்றாள். சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். அம்மா கையசைக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் மண்டையில் ஏறவில்லையே என்று அழுகிறாள், பாவம். சாயங்காலம் வந்ததும் இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.