வலது பக்கக் குவியல்

என் நூல் அறுந்துகொண்டே இருந்த வாரம் அது. மெல்லிசு நூல் புதிதாக வந்திருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் தூண்டில் முள்ளில் அதைச் சுற்றி இறகைக் கட்ட வேண்டும். நாலு சுற்று போவதற்குள் பட்டென்று அறும். முதலாளியம்மா பின்னால் வந்து நின்று பெருமூச்சு விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு திங்கட்கிழமை, காலையிலிருந்து மாலைவரை நூல் ஒரு தடவைகூட அறவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்தேன். கடவுளுக்கு நன்றியும் சொன்னேன்.

நடந்தது வேறு. அன்று காலை எனக்கு முன்னால் பட்டறைக்குப் போன என் அண்ணி, தன் பாபினை என் இடத்தில் வைத்துவிட்டு என்னுடையதைத் தான் எடுத்துக்கொண்டார். பாபின் என்றால் நூல்கண்டைப் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கால். அதன் நுனியில் ஊசி மாதிரி ஒரு குழாய் இருக்கும், நூல் அது வழியாகத்தான் வரும். என் குழாயின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்திருக்கிறது. அதுதான் நூலைக் கடித்தது. எல்லாப் பாபினும் ஒரே மாதிரி இருப்பதால் அவரவர் அடையாளத்துக்குக் காலில் ஒரு கலர் நூல் கட்டியிருப்போம். அண்ணி என் பச்சை நூலையும் அவிழ்த்துத் தன் பாபினில் கட்டி வைத்திருந்தார். இது எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் நான் அவரைப் பார்த்து வயிறெரிந்தேன்.

எங்கள் பட்டறையில் ஈ கட்டுவோம். மீன் ஏமாந்து கவ்வுவதற்காக, இறகும் முடியும் வைத்துத் தூண்டில் முள்ளின்மேல் கட்டும் பொய் ஈ. எதிர் மேஜையில் இருந்தவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம், வாய் ஓயாது. புதிதாக யார் வந்தாலும் அவள், "ஊர்ல எல்லாரும் கடையைத் தெறந்து வச்சுக்கிட்டு ஈ ஓட்டுறாங்க. நாம மட்டுந்தான் ஈ கட்டிப் பொழைக்கிறோம்" என்பாள்.

அண்ணியை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், ஒரே வருடத்தில் எல்லாரும் மெச்சும்படி ஆகிவிட்டார். வீட்டிலும் அதே கதை. அம்மா சொல்லுவார்: "அவ துணி மடிச்சா பெட்டியில அடுக்குன மாதிரி இருக்கு. நீ மடிச்சா பெட்டியிலேருந்து உதறுன மாதிரி இருக்கு." அண்ணன் சிரிப்பார். அண்ணி மட்டும், "கடைக்குட்டி மடிச்சாத்தான் சீக்கிரம் எடுக்க வரும் அத்தை" என்பார். அந்தப் பரிவுதான் எனக்கு அதிகமாக எரியும். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால், பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பட்டறையில் ஜன்னலோரம் ஒரு பொறுக்கு மேஜை உண்டு. வெளியிலிருந்து வரும் பெட்டிகளில் சேவல் இறகு, கோழி இறகு, மான்முடி, முயல்முடி எல்லாம் கலந்து கிடக்கும். எது மிதக்கிற ஈக்கு, எது முங்குகிற ஈக்கு, எது குப்பைக்கு என்று பிரிக்க வேண்டும். எந்தக் கத்தரி யாருக்கு என்று கொடுப்பதும் அந்த மேஜைதான். இறகு வெட்டுகிற கத்தரியால் யாராவது செம்புக் கம்பியை வெட்டினால் நுனியில் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் அது இறகை வெட்டாது, மெல்லும். அந்த மேஜையில் இருந்த பெரியம்மா கண் மங்கி நின்றுவிட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. வேறு எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. வெளிச்சம் இருக்கும், முதுகு வலிக்காது, நான் கொடுப்பதை எல்லாரும் வாங்கிப்போவார்கள். முக்கியமாக, அண்ணியும் வந்து வாங்கிப்போக வேண்டும்.

தினமும் பிரார்த்தனையில் கேட்டேன். அடுத்தவர் கெட்டுப்போக வேண்டும் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால், "அண்ணிக்கும் நல்லது குடு சாமி, ஆனா வேற எடத்துல குடு" என்று கேட்டேன். அதில் தப்பில்லை என்றே அப்போது நினைத்தேன்.

எங்களிடம் ஈ வாங்கிப்போகும் ஆற்றுக்காரர் ஒருவர் இருந்தார். வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய் மீன்பிடிக்க வைப்பது அவர் தொழில். அந்த மேஜைக்கு அண்ணியையும் என்னையும் மனதில் வைத்திருந்த முதலாளியம்மா சொன்னார்: "ஒரே பெட்டியிலேருந்து ரெண்டு பேரும் எறகு பொறுக்குங்க. ஆளுக்கு ஆறு மெதக்குற ஈ கட்டுங்க. சாயங்காலம் அவர் வந்து தண்ணியில போட்டுப் பாப்பாரு. யாரோடது நிக்குதோ, மேஜை அவங்களுக்கு."

மிதக்கிற ஈக்குச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். முள்ளைச் சுற்றி அதைச் சுற்றினால், இழைகள் விறைப்பாக நின்று தண்ணீர் மேல் கால் ஊன்ற வேண்டும். இழை மெத்தென்று இருந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். அண்ணி இறகை வில் மாதிரி வளைத்து, விரிந்த இழைகளை உதட்டில் வைத்துப் பார்ப்பார். குத்தினால் எடுப்பார், கூசினால் கழிப்பார். இதை வைத்து நான் பட்டறையில் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். "எங்க அண்ணி எறகுக்கு முத்தம் குடுக்குறாங்க, எங்க அண்ணன் பாவம்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார்.

அன்று சாப்பாட்டு வேளைக்குள் அண்ணி பொறுக்கி முடித்துவிட்டார். முன்னால் இரண்டு குவியல். கை கழுவ எழுந்து போனார். நான் இன்னும் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். என் விரலுக்கு எல்லா இறகும் ஒன்றாகவே தெரிந்தன. பட்டறை வழக்கப்படி நல்லது வலது பக்கம், கழிவு இடது பக்கம். யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, அண்ணியின் வலது பக்கக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். எவ்வளவு அழகான இறகுகள்! அகலமும் பளபளப்பும், எல்லாம் ஒரே நிறம்.

அண்ணி திரும்பி வந்து உட்கார்ந்தார். குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடைக்குட்டி, எடுத்த எறகை ஒரு தடவை ஒதட்டுல வச்சுப் பாத்துட்டுக் கட்டேன்" என்றார்.

"எனக்குத் தெரியும் அண்ணி. உங்க ஒதடு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரிம்மா" என்று குனிந்துகொண்டார்.

கட்டினேன். அவர் பொறுக்கியது தப்பாகுமா என்று ஒரே தைரியம். யாரை மட்டந்தட்ட நினைத்தேனோ, அவருடைய கண்ணைத்தான் அன்று முழுசாக நம்பினேன்.

சாயங்காலம் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணியின் ஆறும் நுனிக்காலில் நின்றன, ஊதினால் நகர்ந்தன. என்னுடையவை முதலில் நின்றன. பிறகு ஒன்று சாய்ந்தது. ஆற்றுக்காரர் விரலால் தண்ணீரைத் தட்டியதும் மற்றவை வரிசையாக உள்ளே போயின. "இதுங்க குளிக்க வந்த ஈ போலிருக்கே" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அண்ணி இடதுகைக்காரர். இடது கையால் எடுப்பார், தேறினால் இடது பக்கமே போடுவார். கழிவுதான் வலது பக்கம் போகும். ஒரே வீட்டில் தினமும் அந்த இடது கை துணி மடிப்பதையும் அம்மாவுக்குத் தலை வாருவதையும் பார்த்தவள் நான். பொறாமை பிடித்த அந்த ஒரு நிமிஷத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மேஜை அண்ணிக்குப் போனது. குவியல் விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை அவருக்குத் தெரியாதோ என்று சில நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தினமும் போய் அவர் கையிலிருந்து இறகு வாங்கினேன். எனக்கு வந்த பொட்டலத்தில் ஒரு இறகுகூடச் சோடை இல்லை. அதற்கும் வயிறெரிந்தேன்.

பிறகு அண்ணனுக்கு வெகுதூரத்தில் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போக வேண்டும், அம்மாவும் கூட. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஜன்னல் மேஜை நீ பாத்துக்க. உங்க அண்ணி ஒன் பேரைத்தான் சொல்லுச்சு" என்றார். வேற எடத்துல என்று கேட்டிருந்தேன். அப்படியே நடந்துவிட்டது. அன்று என்னால் பிரார்த்தனையில் உட்கார முடியவில்லை.

ரேடியோ அன்றுதான் வாய் திறந்தாள். "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சு. இப்பத்தான் போகுதே" என்று பாபின் கதையைச் சொன்னாள். அந்தப் பிசிறை அண்ணி உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துத் தேய்த்துத் தானே சரிசெய்தாராம். அதுவரைக்கும் அறுந்த நூலையெல்லாம் மடியில் மறைத்துக்கொண்டாராம். ரேடியோ ஆறு வருடம் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்தாள் என்பதை எங்கள் பட்டறையில் இன்றுவரை யாரும் நம்பவில்லை.

பஸ் நிலையத்தில் அண்ணன் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணியின் பக்கத்தில் நின்றேன். பாபின், குவியல், ஈ எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்தவளுக்கு, "அண்ணி" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோகும் என்று தெரிந்திருந்தால், எப்படியாவது சொல்லியிருப்பேன்.

பஸ் கிளம்புகிற சமயம் அவர் ஜன்னல் வழியாகத் தன் இடது கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"மேஜை மேல புதுப் பெட்டியைப் பிரிச்சு ரெண்டு குவியலா வச்சிருக்கேன். ஒனக்காக இந்தத் தடவை நல்லதை வலது பக்கமே வச்சுட்டேன்டி. எதுக்கும் ஒதட்டுல ஒரு தடவை வச்சுப் பாத்துக்க."