பிரமிளாவின் அம்பாசிடர்

வடமாலபேட்டையில் என் பக்கத்து வீட்டுப் பிரமிளாவைப் போல வண்டி ஓட்டுகிறவர் கிடையாது. பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தக் காரில் ஏறினாலும் கிழவி எனக்கு வாந்தி வரும். அவள் காரில் வராது.

அந்த வெள்ளை அம்பாசிடர் அவள் கணவன் ரகுவுடையது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தான். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதத்தில் அவனுக்கு வலது கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. பிறகுதான் பிரமிளா ஓட்டக் கற்றாள். கைகால் பயிற்சிக்கு அவனைத் திருப்பதிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற இரண்டு ஆள் தேவை. அம்பாசிடரின் முன் சீட்டில் அவள் ஒருத்தியே அவனைச் சாய்த்து உட்கார வைத்துவிடுவாள்.

இந்த வருஷம் என்ஜின் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. வாசலெல்லாம் கறுப்பு. ரகுவின் அண்ணன் முனிரத்தினம் காயலான்கடைக்காரனிடம் பேசிவிட்டு வந்தார்.

"இன்னாமா, ஆயில தண்ணி மாதிரி ஊத்திக்கினு கீறே? ஞாயித்துக்கெழம ஆளு வரான், குடுத்துடு."

"அப்புறம் அவர எதுல இட்டுக்கினு போறது மாமா? உங்க முதுவுலயா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் புத்தூரிலிருந்து மெக்கானிக் சுதீரை அழைத்து வந்தாள். அவன் என்ஜினைத் துடைத்துக் காயவைத்தான். மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவி ஓடவிட்டான். எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு என்றான். ஆனால் முன்னால், பின்னால், மேல்மூடியின் ஓரம் என்று எல்லா இடமும் நனைந்தது.

"இத்தினி எடத்துல ஒண்ணா கெட்டுப்போவாதுக்கா. உள்ள காத்து அடச்சிக்கினு கீது, வெளிய போவ வழியில்லாம எண்ணெயத் தள்ளுது."

குனிந்து, என்ஜின் மூச்சு விடும் குழாயைத் தடவினான். அதன் வாயில் கறுத்து இறுகிய ஒரு துணி முடிச்சு.

"யாருக்கா கட்டினது?"

கட்டினது பிரமிளாதான். ரகு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் பெருமாள் உண்டியலில் சேர்க்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். எல்லோரும் சாமி படத்தின் முன் வைப்பார்கள். அவன் உயிரே இந்த வண்டிதானே என்று இவள் என்ஜினில் கட்டினாள். விழாதபடி அந்தக் குழாயின் வாயோடு சேர்த்துக் கயிற்றால். தூசியும் எண்ணெயும் ஏறி ஏறி, துணி கட்டியாகி வழியை அடைத்துவிட்டது.

"அவுத்துட்டா சரியாப் பூடும்," என்றான் சுதீர்.

"தொடாத. அவரு இன்னும் நடக்கல. இப்ப அவுத்தா, நடக்கமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"சாமிக்குத் தெரியாதாடி?" என்றேன்.

"நீ சும்மா இரு ஆயா."

சும்மா இருந்தேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். அவள் உள்ளே போய்க் கட்டிலில் ரகுவின் அருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இடது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

அவளே வந்து பிளேடால் கயிற்றை அறுத்தாள். அந்த அழுக்கு முடிப்பை அவன் கையில் வைத்தாள். சுதீர் குழாயைச் சுத்தம் செய்து, திரும்பப் பவுடர் தூவி ஓடவிட்டான். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் காலை ரகுவை முன் சீட்டில் வைத்து அப்பலாயகுண்டா பெருமாள் கோயிலுக்கு ஓட்டினாள். நானும் போனேன். அவன் காரிலேயே இருந்தான். அவள் மட்டும் உள்ளே போய் முடிப்பை உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.

"நடக்காமலே போட்டுட்டியேடி, இன்னான்னு வேண்டிக்கினே?"

அவள் ரகுவின் சாய்ந்த தலையை நிமிர்த்தி வைத்தாள்.

"நடக்கணும்னு கேக்கல ஆயா. இப்பிடியே பக்கத்துல ஒக்காந்துக்கினு வரட்டும்னேன்."