காக்காய்க்காரி

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று. அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. பக்கத்தில் ஒரு வேப்பமரம். நடத்தியவள் அறிவுச்செல்வி. பட்டறை ஆட்கள் பதினான்கு பேருக்கும் மத்தியானச் சோறு அவள் கைச் சோறுதான். கணவன் தமிழரசு அங்கேயே வெல்டராக இருந்து, நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த ஒரு மாதத்தில், கால் வளைந்த காக்கை ஒன்று கடைக்கு வரத் தொடங்கியது. அவள் அடுப்புப் பற்றவைத்தால் கூரையில் வந்து உட்காரும். சந்தைக்குக் கிளம்பினால் கம்பத்துக்குக் கம்பம் பறந்து கூடவே வரும்.

“உன்ற ஊட்டுக்காரருதான் வந்துருக்கறாரு. அதுக்கு ஒரு வாய் வெக்காம நீ திங்காத” என்று சொன்னவள் பக்கத்து வீட்டுச் சித்ரா.

அறிவுச்செல்வி அதை முழுசாக நம்பவில்லை. ஆனால் பேச்சுத் துணைக்கு வேறு ஆளும் இல்லை. தக்காளி விலை, முட்டிவலி, யார் என்ன சொல்லி மனசை நோகடித்தார்கள் என்று எல்லாவற்றையும் காக்கையிடம் சொல்லப் பழகினாள். அதைப் பலரும் பார்த்தார்கள்.

வைகாசியில் ஒரு நாள், குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று பெயிண்டர் ஈஸ்வர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலைத் தாண்டி வேப்பமரத்தருகே போனதும் காக்கை பாய்ந்து வந்து அவன் உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள், லாரி கேபினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது நின்ற பலகையோடு கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான்.

அடுத்தது சித்ரா. கடைக் கழிவுநீர் தன் வாசலுக்கு வருகிறதென்று வேப்பமரத்தடியில் நின்று கத்தினாள். அவள் தலையிலும் ஒரு தட்டு. அந்த வாரமே அவள் மகள் தீபிகாவுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது.

“அது காக்காயே இல்லீங்க. ஏவல். இவ காதுல சொல்றா, அது போய்த் தட்டுது” என்று சித்ரா தெருத்தெருவாகச் சொன்னாள். காக்கையைத் தமிழரசு என்று சொன்ன அதே வாய்.

பதினான்கு பேர் ஆறு பேரானார்கள். வந்தவர்களும் குறை சொல்லாமல் தின்றார்கள். ரசம் புளித்திருந்த அன்றுகூட, “நல்லா இருக்குதுங்க்கா” என்றார்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதைவிடப் பெரிய பயம் உள்ளே இருந்தது. ஈஸ்வர் தட்டைத் தள்ளியபோது ‘நீ உருப்படாமப் போவ’ என்று மனசுக்குள் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அன்று சாயங்காலம் காக்கையிடமும் புலம்பியிருந்தாள். ஒருவேளை உண்மைதானோ? அன்றுமுதல் கோபப்படவே பயந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் எரிந்து விழுந்தால், “சாமி, அந்தப் பையன் நல்லா இருக்கோணும்” என்று அவசரமாக வேண்டிக்கொள்வாள். காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தினாள். அது வருவதை நிறுத்தவில்லை.

இப்படி இருக்கையில், பட்டறை முதலாளி சென்னியப்பனின் மனைவி ஆத்தாயி ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பழம், புதுச் சேலை. இத்தனை வருஷம் “ஏ, செல்வி” என்று கூப்பிட்டவள்.

“ஏனுங்க, என்ற கொழுந்தனாரு தோட்டத்துப் பொதுக் கெணத்துல எங்களைத் தண்ணி எடுக்க உடமாட்டீங்கறாரு. பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க. காக்காய உட்டு அவரு தலையில ஒரே ஒரு தட்டு. அத்தோட உட்ருங்க.”

அறிவுச்செல்வி கை நீட்டி வாங்கவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, சரி என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. இனி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா. எடுத்துட்டுப் போங்க.”

ஆத்தாயியின் முகம் வெளுத்தது. “அப்ப எங்க மேல ஏவிற மாட்டீங்கல்ல?” என்று கேட்டுக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து போனாள்.

இதற்கு மேல் தாங்காது என்று அன்றைக்கே ஈஸ்வர் வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் கிடந்தான். நின்றபடியே கேட்டாள்: “ஈஸ்வரு, நெசத்தைச் சொல்லு. நீ எப்புடி உழுந்த?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “பலகை கட்டுன கயிறு இத்துப்போயிருந்துச்சுங்க்கா. மாத்தச் சொல்லி நாலு தடவ சொன்னேன். மொதலாளி கேக்கல. உழுந்த பொறவு, காக்கா கதையவே பேசட்டும்னு உட்டுட்டாரு. நானும் வாயத் தொறக்கல.”

“அப்ப உன்னைய அது தட்டுனது?”

“ஈரப் பெயிண்டு மேல எச்சம் உழுகுதுன்னு, வேப்பமரத்துல இருந்த அது கூட்டைக் கோலால தட்டி உட்டேன். குஞ்சு ரெண்டும் செத்துப்போச்சு. அதுலருந்து ஆரு மரத்துக்கிட்ட வந்தாலும் தட்டுது.”

திரும்பி வரும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு மாதமாக அடக்கி வைத்த கோபமும் சேர்ந்து வந்தது. நேராகப் பட்டறைக்குள் போனாள். எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

“ஏனுங்க மொதலாளி, ஈஸ்வரு உழுந்தது இத்துப்போன கயித்தால. நீங்க செஞ்ச தப்புக்கு என்னைய சூனியக்காரி ஆக்கிப்போட்டீங்களே, நல்லா இருக்குதுங்களா?”

 சென்னியப்பனின் கண் ஒரு முறை வேப்பமரத்துக்குப் போய் வந்தது. மறுநாளே புதுக் கயிறும் இரும்புச் சாரமும் வந்து இறங்கின. வெட்கத்தில் வாங்கினாரா, பயத்தில் வாங்கினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடத் திரும்பினார்கள். சித்ரா மட்டும் இன்னும் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

காக்கைக்கு மறுபடி சோறு வைக்கிறாள் அறிவுச்செல்வி. மழை, வெயில் என்று ஏதாவது பேசுகிறாள். ஆட்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கோபத்தில் முதலாளியை அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாளே, அந்தக் கோபம் அவருக்கு ஏதாவது செய்துவிடுமோ என்றுதான் இப்போது அவளுக்குக் கவலை. அவர் வண்டி காலையில் கொஞ்சம் தாமதமானாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன வாரம் அவர் வாசலில் நின்று இருமியதைக் கேட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“மொதலாளி, மொளகுக் கசாயம் வெச்சுத் தரட்டுங்களா?”