ரோசலி பார்த்த ஒரே ஓட்டம்

மின்னசோட்டாவில் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் ரோசலி டிங்மன் இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் பர்கர் சுடுகிறாள். மைதானத்துத் தின்பண்டக் கடையில் அடுப்பு பின்சுவரோரம் இருப்பதால் ஆட்டத்துக்கு எப்போதும் அவள் முதுகுதான். மட்டையின் சத்தத்தை வைத்தே பந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடுவாள். "தலையக் குனிங்க" என்பாள். அடுத்த நொடி தகரக் கூரையில் பந்து விழும்.

அவள் மகன் டேரில் ரொம்ப வருடமாக ஊர் அணியில் ஆடிவந்தான். போன ஞாயிறு அவனுக்குக் கடைசி ஆட்டம். "இன்னிக்காவது போய்ப் பாரு, பர்கர நான் பாத்துக்கறேன்" என்று அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

முணுமுணுத்துக்கொண்டே வேலியோரம் போய் நின்றாள். டேரில் ஓங்கி அடித்தான். ஊரே எழுந்து "ஓடு, ஓடு" என்று கத்தியது. மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்களில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் முதல் தளத்துக்குப் பாதி தூரம் போவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவுட்.

ரோசலி திரும்பி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"இவ்ளோ மெதுவாவா ஓடுவான்? நீங்கல்லாம் கத்துற கத்துக்கு, மான் மாதிரி ஓடுறான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

இருபது வயதிலும் அவன் இப்படித்தான் ஓடினான் என்று நான் சொல்லவில்லை.

அவள் பர்கரைத் திருப்பிப் போட்டாள். "இன்னொரு தடவ மட்டை பிடிக்க வருவான்ல? அப்பவும் இதே மாதிரி கத்துங்க."